கறுப்பு அங்கிக்கு எத்தனை கறுப்பு?

மேசையில் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். எல்லோரும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். ஒருவரும் என் கட்டைவிரல் உயரம்கூட இல்லை. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ பார்த்தவர்கள் தோளில் கிடக்கும் ரோமத்தைக் கண்டதுமே சொல்லிவிடுவார்கள், இவர்கள் நைட்ஸ் வாட்ச், வடக்கே பனிச்சுவரைக் காவல் காக்கும் கறுப்பு அங்கிக்காரர்கள் என்று. எங்கள் அம்மாவுக்கு மட்டும் இவர்கள் ‘அந்தக் கரடி பொம்மைங்க’.

கறுப்பு அங்கிதானே, ஒரு பாட்டில் கறுப்பு வாங்கினால் முடிந்தது என்று நினைத்துத்தான் நானும் முதலில் இறங்கினேன். முதல் பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் கறுப்பை அப்பி, முகத்தில் மட்டும் தோல் நிறம் வைத்து அலமாரியில் ஏற்றினேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் அடுப்புக்கரியை வரிசையாக அடுக்கியது மாதிரி இருந்தது. அந்தத் தொடரின் எட்டாவது சீசனில் ‘தி லாங் நைட்’ என்று ஓர் அத்தியாயம் உண்டு. 55 இரவுகள் கண்விழித்துப் படமாக்கியது. 2019 ஏப்ரலில் அது ஒளிபரப்பானபோது, ஒன்றுமே தெரியவில்லையே என்று ஊர்ப்பட்ட பேர் டிவியில் பிரைட்னெஸைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். என் அலமாரியில் அந்த அத்தியாயம் வருடம் முழுக்க ஓடியது.

இப்போது வந்திருப்பது இரண்டாவது பெட்டி. இந்த முறை பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்பே வழியை முடிவு செய்துவிட வேண்டும் என்று, ஒரு மாதமாக ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தேன். பிடித்த தொடரின் ஆட்களுக்கு வண்ணம் தீட்ட ஆசைப்பட்டு, எதை வாங்குவது என்று குழம்பி நிற்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

யாருடைய ஜான் ஸ்னோ?

குழப்பம் உருவத்திலேயே தொடங்குகிறது. அதிகம் புழங்குவது சிஎம்ஓஎன் நிறுவனத்தின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ மேசைப்போர் விளையாட்டின் மினியேச்சர்கள். 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, 2018-ல் விற்பனைக்கு வந்தது. பலரும் பெட்டியைப் பிரித்த பிறகுதான் கவனிக்கும் ஒரு விஷயம், இவர்கள் உரிமம் வாங்கியிருப்பது தொடருக்கு மூலமான நாவல்களுக்கு, ஹெச்பிஓ சேனல் எடுத்த தொடருக்கு இல்லை. ஆகவே இந்த வரிசையில் வரும், நைட்ஸ் வாட்ச் நாயகன் ஜான் ஸ்னோவிடம் நாம் திரையில் பார்த்த முகத்தைத் தேடக்கூடாது.

நாவலுக்கும் திரைக்கும் நடுவில் சின்னச் சின்ன இடைவெளிகள் நிறைய. நாவலில் ராப் ஸ்டார்க்குக்குச் செம்பட்டை முடி, கதை தொடங்கும்போது வயது பதினான்கு. திரையில் அவன் பழுப்புச் சுருள்முடியும் தாடியுமாக வளர்ந்த இளைஞன். நாவலில் டிரியனுக்குப் போர்க்களத்தில் மூக்கே போய்விடுகிறது; திரையில் முகத்தில் ஒரு வெட்டுத் தழும்போடு தப்பித்துக்கொண்டான். டெனேரிஸின் கண் நாவலில் ஊதா. தொடருக்காக லென்ஸ் போட்டுப் பார்த்துவிட்டு, அதையும் கைவிட்டார்கள். இவற்றில் பாதியை வண்ணத்தாலேயே திரைப்பக்கம் இழுத்துவிடலாம். செம்பட்டை முடியைப் பழுப்பாக்க ஒரு பாட்டில் போதும். மூக்கு மட்டும் வராது.

உலோகத்தில் வேண்டுமென்றால் அமெரிக்காவின் டார்க் ஸ்வார்ட் நிறுவனம் இந்தக் கதையுலகத்துக்கென்றே ஒரு வரிசை வைத்திருக்கிறது. டாம் மையர் செதுக்கியவை. இதுவும் நாவல் வழிதான், ஆனால் அழகு வேறு. பிளாஸ்டிக் உருவங்களில் கையும் வாளும் கொஞ்சம் தடித்திருக்கும். இவற்றில் மனித உடம்பின் அளவு அப்படியே இருக்கிறது, துணி மடிப்புகள் கூர்மையாக விழுகின்றன. கையில் எடுத்தால் எடை தெரியும். அந்த எடையே வினையும்கூட. ஒருமுறை சாய்ந்து விழுந்தால் மூக்கு நுனியிலும் அங்கி ஓரத்திலும் பெயின்ட் பெயர்ந்து உலோகம் பல்லை இளிக்கும். அடிக்கடி எடுத்து ஆடுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். ஒரே ஒரு உருவத்தைக் கண்ணாடிக்குள் வைக்கப் போகிறீர்கள் என்றால், சரி, இதைவிட நல்லது கிடையாது.

மூன்றாவது, வீட்டிலேயே ரெசின் பிரின்டரில் அச்சடித்துக்கொள்வது. நடிகரின் முகம் அச்சு அசலாக வேண்டுமென்றால் பெரும்பாலும் இந்த வழிக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. ரசிகர்கள் செதுக்கிய கோப்புகள் இணையத்தில் கிடைக்கும். அவற்றில் பல யாரிடமும் உரிமம் வாங்காதவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 0.05 மில்லிமீட்டர் அடுக்குகளாக ஏறும் உருவத்தில் புருவம்கூடத் தெரியும். ஆனால் கையுறை போட்டுக்கொண்டு, ஆல்கஹாலில் அலசி, புற ஊதா விளக்கில் காயவைத்து, காற்றோட்டமுள்ள தனி இடத்தில் செய்ய வேண்டிய வேலை அது. காயாத ரெசின் தோலில் படவே கூடாது. துணி காயப்போடவும் துளசித் தொட்டி வைக்கவும் ஒரே பால்கனி இருக்கிற வீட்டில் இதை ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால் ஆரம்பிக்கவில்லை. நண்பர் ஒருவர் தன் பிரின்டரில் எடுத்துக் கொடுத்த ஒரே ஒரு ஜான் ஸ்னோவை வைத்துத்தான் பேசுகிறேன்.

அந்த ரெசின் ஜானையும் பிளாஸ்டிக் ஜானையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். கண்ணுக்கு அருகே வைத்தால் ரெசின் அபாரம். கையை நீட்டிப் பிடித்தால் வித்தியாசம் பாதியாகிறது. அலமாரியில் வைத்தால் தேட வேண்டியிருக்கிறது. தலையே 5 மில்லிமீட்டர்தானே! அந்த அளவில் ஆளை அடையாளம் காட்டுவது முடியின் வடிவம், ரோமம் கிடக்கும் தோள், வாளின் கைப்பிடி, அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலாக நிறம். இது உறைத்த பிறகு நான் உருவத்தில் செலவழிக்க நினைத்த பணத்தைப் பெயின்ட்டுக்கு மாற்றிவிட்டேன். பன்னிரண்டு பேர் கூட்டத்துக்குப் பிளாஸ்டிக் போதும். ஒட்டும் வேலையும் இல்லை, சேர்த்தேதான் வருகிறார்கள். வாள் வளைந்திருந்தால் வெந்நீரில் காட்டி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் அமுக்குங்கள், அப்படியே நிற்கும். அச்சுத் தழும்பைச் சுரண்டுவதுதான் ரோதனை. இந்தப் பிளாஸ்டிக் மென்மையானது. உப்புத்தாள் போட்டால் இழை இழையாகப் பிசிர் கிளம்பும். புது பிளேடை லேசாகச் சாய்த்து இழைப்பது மேல்.

ஓடும் கறுப்பும் ஏறும் கறுப்பும்

உண்மையான முடிவு பெயின்ட்டில்தான் இருக்கிறது.

2019 ஜூனில் கேம்ஸ் வொர்க்‌ஷாப் தன் சிட்டடெல் வரிசையில் ‘கான்ட்ராஸ்ட்’ என்று ஒன்றை இறக்கியது. சாதாரண பெயின்ட் பூசிய இடத்தில் நிற்கும். இது ஓடும். மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். காய்ந்ததும் பள்ளம் கருத்து, மேடு வெளுத்து, ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் வந்து நிற்கும். அடியில் வெள்ளையோ வெளிர் நிறமோ இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர் இதே கொள்கையில் 2022-ல் ‘ஸ்பீட்பெயின்ட்’ கொண்டுவந்தது. முதல் பதிப்பில், காய்ந்த பூச்சின் மேல் ஈரப் பிரஷ் பட்டால் அடி நிறம் கரைந்து மேலே வரும் என்பது பரவலான புகார். 2023-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைச் சரி செய்துவிட்டார்கள். பழைய இருப்பு தள்ளுபடியில் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் பாட்டிலில் 2.0 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பழைய வழி இதற்கு நேரெதிர். அடிநிறம், அதன்மேல் நிழலுக்கு ஒரு வாஷ் (பள்ளத்தில் இறங்கும் நீர்த்த பூச்சு), பிறகு படிப்படியாக வெளிறிக்கொண்டே போகும் மூன்று நான்கு மெல்லிய பூச்சுகள். இதற்கு ஸ்பெயினின் வயேஹோ பாட்டில்கள் (நம்மில் பலர் வல்லேஜோ என்பது) எனக்குத் தோது. மூக்குவைத்த பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுக்கலாம், வீணாகாது.

ஒரே அச்சில் வார்த்த இரண்டு பேரை எடுத்துக்கொண்டேன். ஒருவனுக்கு வெள்ளைப் பிரைமர் (பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்து, அதன்மேல் ‘பிளாக் டெம்ப்ளர்’ என்ற கான்ட்ராஸ்ட் கறுப்பு. இன்னொருவனுக்குக் கறுப்புப் பிரைமர், அதன்மேல் அடுக்குப் பூச்சு.

ரோமத்தில் கான்ட்ராஸ்ட் செய்த வேலையைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. பிரஷ்ஷை ஒருமுறை வைத்து இழுத்தேன், அவ்வளவுதான். ஒவ்வொரு மயிரிழையின் இடுக்கிலும் கறுப்பு இறங்கி, நுனிகள் சாம்பலாக நின்றன. அதையே கையால் செய்ய எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. கயிறு, தோல்வார், பின்னல், சங்கிலிக் கவசம் என்று மேடுபள்ளம் உள்ள இடமெல்லாம் இதே கதைதான்.

அப்புறம் உருவத்தைத் திருப்பினேன். முதுகில் அங்கி சமதளமாக, மடிப்பே இல்லாமல் இறங்குகிறது. அங்கே தேங்கப் பள்ளம் ஏது? பெயின்ட் தனக்குப் பிடித்த இடத்தில் நின்றுவிட்டது. சுண்ணாம்படித்த சுவரில் மழைத்தண்ணீர் வழிந்து காய்ந்த தடம் பார்த்திருப்பீர்கள், அதேதான். திட்டுத்திட்டாக, விளிம்பில் கறுப்புக் கோடு வேறு. ஈரம் காய்வதற்குள் பிரஷ்ஷால் உறிஞ்சி எடுத்தால் கொஞ்சம் குறையும். காய ஆரம்பித்த பிறகு தொட்டால் இன்னும் மோசம்.

அடுக்குப் பூச்சுக்காரன் முதுகு பட்டுப்போல வந்தது. ஆனால் முதல் ஆளுக்கு ஒண்ணரை மணி நேரம், இவனுக்கு இரண்டு மாலைகள். பன்னிரண்டு பேருக்கும் இதே கணக்கு என்றால் மாதம் ஒன்று ஓடிவிடும், அதுவும் எந்த விருந்தாளியும் வராமல் இருந்தால்.

இந்த இடத்தில் தொடரை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உடைகளை வடிவமைத்தவர் மிஷெல் கிளாப்டன். நைட்ஸ் வாட்ச் ஆட்கள் தோளில் போர்த்தியிருப்பது ஐகியா கடையில் விற்கும் தரைவிரிப்பு என்று 2016-ல் அவரே ஒரு மேடையில் சொல்லிவிட்டார். தரைவிரிப்பை வாங்கி, வெட்டி, மழித்து, தோல்வார் தைத்து, மெழுகு தேய்த்து, பனி படிந்ததுபோல் ஆக்கி, கிழித்துக் கசக்கிப் பழசாக்கிய பிறகுதான் அது நடிகரின் தோளுக்குப் போகிறது. அடுத்த வருடம் ஐகியாவே, தரைவிரிப்பில் தலை நுழைய ஓட்டை போடுவது எப்படி என்று செய்முறைப் படம் வெளியிட்டு விளையாடியது.

வேடிக்கையாகப் படித்துவிட்டுப் போகிற செய்தி இது. ஆனால் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்திருப்பவனுக்கு இதில் ஒரு முழுப் பாடத்திட்டமே இருக்கிறது. நிறுத்திய சட்டகத்தில் சுத்தக் கறுப்பு என்று ஒரு துளிகூட இல்லை. ரோமம் சாம்பல் கலந்த கறுப்பு. அதன் கீழே அங்கித் துணி சேறும் புழுதியும் ஏறிப் பழுப்படித்த கறுப்பு. மார்பில் தோல்சட்டை, வெளிச்சம் பட்ட இடத்தில் நீலம் காட்டும் கறுப்பு. கையுறையில் தேய்ந்துபோன இடம் கிட்டத்தட்ட மரநிறம். நான்கு கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் கண் அதை உடை என்று படிக்கிறது. நான் முதல் பெட்டியில் நான்கையும் ஒரே பாட்டிலிலிருந்து எடுத்திருந்தேன்.

அதிலிருந்து எனக்குக் கேள்வியே மாறிப்போனது. எந்த நிறுவனத்துப் பெயின்ட் என்பதை விட்டுவிட்டு, எந்தத் துணிக்கு எந்தக் கறுப்பு எளிதாக வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

ரோமத்துக்குக் கான்ட்ராஸ்ட், இதில் மறுபேச்சே இல்லை. தோல்சட்டைக்கு அடுக்குப் பூச்சு. கறுப்புப் பிரைமரை அப்படியே விட்டு, விளிம்புகளில் மட்டும் நீலம் தொட்ட சாம்பலால் மெல்லிய கோடு, அதன் நுனியில் இன்னும் வெளிறிய புள்ளி. தோல் பளபளக்கும், அதனால் வெளிச்சம் சின்னதாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும். துணியில் அது அகலமாக, மங்கலாகப் பரவ வேண்டும். கறுப்பில் எச்சரிக்கை ஒன்றுதான்: வெளிச்சம் கால்பங்கைத் தாண்டினால் கறுப்பு போய்ச் சாம்பல் வந்துவிடும். அடிநிறத்துக்கு வயேஹோவின் ‘ஜெர்மன் கிரே’ எனக்குக் கைகொடுத்தது. பாட்டிலில் பார்த்தால் இதுவா கறுப்பு என்று தோன்றும். பள்ளங்களில் ஒரு கறுப்பு வாஷ் விட்டுப் பாருங்கள்.

அந்தச் சமதளமான முதுகுக்கு எது என்பதில்தான் ரொம்ப நாள் இழுத்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. கறுப்புப் பிரைமர், அதன்மேல் உலர்ந்த பிரஷ்ஷால் சாம்பலைத் தேய்ப்பது (டிரை பிரஷ்), அதற்கும் மேல் வெள்ளையை இன்னும் லேசாகத் தேய்ப்பது, கடைசியில் கான்ட்ராஸ்ட் ஒரு பூச்சு. ‘ஸ்லாப்சாப்’ என்று பெயர். வெளிச்சத்தை டிரை பிரஷ் ஏற்கெனவே வைத்துவிடுவதால், கான்ட்ராஸ்ட் அங்கே தேங்கினாலும் அவ்வளவாகத் தெரிவதில்லை. டிரை பிரஷ்ஷின் குறை பொருபொருவென்று பொடி அப்பியதுபோல் நிற்பது. முகத்தில் அது அசிங்கம். முரட்டுக் கம்பளி அங்கியில் அதுவே துணியின் நெசவு மாதிரி ஆகிவிடுகிறது. பழுப்புக் கான்ட்ராஸ்ட் ஒரு பங்கு, கறுப்பு இரண்டு பங்கு கலந்து அந்த முதுகில் விட்டேன். சேற்றில் நடந்துவந்த ஆள் கிடைத்தான்.

ஆயில் வாஷ் பற்றியும் கேட்பார்கள். மினுக்கு வார்னிஷ் அடித்து, ஆயில் பெயின்ட்டைக் கரைப்பானில் நீர்க்கக் கலக்கி ஓடவிட்டு, தேவையில்லாததைத் துடைத்தெடுப்பது. அருமையான முறை. காயக் காத்திருக்கும் நாட்களில் எனக்கு ஆர்வம் போய்விடும்.

நம் ஊர் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் கேம்லின் அக்ரிலிக் ஆகாதா என்பது அடுத்த கேள்வி. அது கான்வாஸுக்குச் செய்தது; குழைவு கெட்டி. தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தால் ஒரு பூச்சில் மறைக்காது, இரண்டு மூன்று வேண்டும். கெட்டியாகவே வைத்தால் 5 மில்லிமீட்டர் முகத்தில் மூக்கும் வாயும் மூடிப்போகும். பீடத்தில் மண், பாறை, மரக்கட்டை இவற்றுக்கெல்லாம் நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன், ஒரு டியூப் வருடக்கணக்கில் வருகிறது. முகத்துக்கும் ரோமத்துக்கும் மட்டும் மினியேச்சருக்கென்று அரைத்த பெயின்ட்டை வாங்குங்கள். முழு செட்டெல்லாம் வேண்டாம். நைட்ஸ் வாட்சுக்கு ஏழெட்டு பாட்டில் போதும். நான் முப்பது வாங்கிவிட்டுச் சொல்கிறேன்.

வடக்கின் வெயில்

பெயின்ட் முடிவானாலும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது பாக்கி. வழக்கமான முறை, கறுப்புப் பிரைமர் அடித்துவிட்டு உச்சியிலிருந்து வெள்ளையைத் தூவுவது. தலையும் தோளும் வெளுத்து, கீழ்ப்பகுதி கறுப்பாகவே நிற்கும். நடுப்பகல் சூரியன் அடிப்பதுபோல. சென்னையில் உட்கார்ந்து இதைச் செய்யும்போது இயல்பாகத்தான் தோன்றுகிறது, நமக்குச் சூரியன் என்றாலே தலைக்கு மேல்தானே.

ஆனால் இரண்டாம் சீசனில் சுவருக்கு அப்பால் வரும் காட்சிகளை 2011 கடைசியில் ஐஸ்லாந்தின் பனியாறுகளில் எடுத்தார்கள். டிசம்பரில் அங்கே பகலே நான்கைந்து மணி நேரம்தான். சூரியன் அடிவானத்தை ஒட்டி ஊர்ந்துவிட்டு இறங்கிவிடும். நிழல் நீளமாகப் பக்கவாட்டில் விழும். அதே சீசனில் தலைநகரக் காட்சிகள் குரோஷியாவின் துப்ரோவ்னிக்கில் எடுத்தவை. கல்லெல்லாம் தேன் நிறத்தில் மின்னும். இந்த இரண்டு வெயிலும் மனதில் ஒட்டிக்கொண்டவர்களுக்கு, தலைநகரத்து லானிஸ்டர் குடும்பத்தின் சிவப்பையும் நைட்ஸ் வாட்ச் கறுப்பையும் ஒரே வெள்ளையைத் தூவித் தொடங்குவது எங்கேயோ இடிக்கும்.

மூன்று பேரை வைத்துச் சோதித்தேன். உச்சியிலிருந்து வெள்ளை தூவியவன் தெளிவாக இருந்தான், ஆனால் குளிரவில்லை. வெள்ளைக்குப் பதில் தந்த நிறம் தூவியவன் தெற்கத்திக்காரன் ஆகிவிட்டான். மூன்றாமவனுக்கு ஒரு பக்கமாக, கிட்டத்தட்ட கிடைமட்டத்தில், நீலச் சாம்பலைத் தூவினேன். ஒரு கன்னம், ஒரு தோள், அங்கியின் ஒரு விளிம்பு மட்டும் துலங்கி, மறுபாதி இருட்டில் போனது. பன்னிரண்டு பேரையும் ஒரே திசையைப் பார்க்க நிறுத்தி, ஒரே பக்கத்திலிருந்து தூவினால், அலமாரியில் சேர்த்து வைக்கும்போது மாலைப்பொழுது தானாக வந்துவிடுகிறது. குறை ஒன்று உண்டு. விளையாடுகிறவர் உருவத்தைத் திருப்பித் திருப்பி நகர்த்துவார், அப்போது வெளிச்சம் ஆளுக்கொரு திசையில் அடிக்கும். ஆடுவதற்கென்றால் உச்சி வெளிச்சமே சரி. நான் ஆடுவதைவிடப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதிகம்.

தூவுவதற்கு ஸ்ப்ரே டப்பாவா, ஏர்பிரஷ்ஷா, வெறும் பிரஷ்ஷா? இதற்கு விடை சொன்னது கார்த்திகை மாதம். மழை விட்ட ஒரு மதியம், காற்றில் ஈரம் இருப்பது தெரிந்தும், பால்கனியில் வைத்து ஸ்ப்ரே அடித்தேன். காய்ந்த பிறகு விரலால் தடவினால் ரவை தூவிய மாதிரி நறநறவென்று இருந்தது. நான்கு பேரை ஒரு நாள் முழுக்க டெட்டாலில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். பாதித் தேய்ப்பில் தண்ணீரில் காட்டினால் கரைந்த பெயின்ட் பிசினாக ஒட்டிக்கொள்ளும்; டெட்டாலிலேயே தேய்த்து முடித்துவிட்டுத்தான் சோப்புத் தண்ணீர். இரண்டு நாள் வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. அன்றிலிருந்து மழைக்காலத்தில் பாட்டில் பிரைமரைப் பிரஷ்ஷால்தான் பூசுகிறேன், வெளிச்சத்தை டிரை பிரஷ்ஷால் ஒரு பக்கமாக இழுக்கிறேன். ஏர்பிரஷ்ஷும் கம்ப்ரஸரும் வாங்குகிற யோசனை, மாதம் பத்துப் பேருக்கு மேல் தீட்டும் காலம் வரட்டும் என்று கிடப்பில் இருக்கிறது.

முகம் ஒன்றில் மட்டும் எனக்கு எந்தத் தடுமாற்றமும் இருக்கவில்லை. கூட்டத்துக்கு ஒரு கான்ட்ராஸ்ட் பூச்சு, மூக்கிலும் கன்னத்திலும் ஒரு தொடுதல் வெளிச்சம், போதும். தாடிக்குள்ளும் ரோமத்துக்குள்ளும் பாதி முகம் மறைந்துதான் இருக்கிறது. ஜானுக்கு அடுக்குப் பூச்சு. வெளிறிய தோல், கண்ணுக்குக் கீழே ஊதா கலந்த நிழல், மூக்கு நுனியிலும் காது மடலிலும் இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பை வைத்த நொடியில்தான் ஆளுக்குக் குளிர் எடுத்தது. நம் ஸ்தபதிகள் எல்லா வேலையும் முடித்துக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். இங்கே தலைகீழ். கண்ணை முதலில் வைத்துவிடுவது நல்லது. வெள்ளை வழிந்தாலும் கருவிழி பிசகினாலும் சுற்றி வரும் தோல் பூச்சு அதை வெட்டிச் சரியாக்கிவிடும். கடைசியில் வைத்துப் பிசகினால் முடித்த முகத்தை மறுபடி தொட வேண்டிவரும். முக்காட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கண்ணே வேண்டாம், நிழல் போதும்.

பீடத்தில் பனிக்குச் சமையல் சோடாவும் வெள்ளைப் பசையும் கலக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. செலவில்லாதது, முதல் வாரம் பிரமாதமாக இருக்கும், நாளாக நாளாகப் பழுக்கும். மஞ்சள் பனியில் நிற்கும் காவலர்களைப் பற்றி வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். பனிக்கென்றே விற்கும் பொடியை ஒரு பொட்டலம் வாங்கிவிடுங்கள்.

ஆக, நான் எடுத்த முடிவு இப்படி வந்து நின்றது. பன்னிரண்டு பேருக்கும் பிளாஸ்டிக், கறுப்புப் பிரைமர், ஒரு பக்கமாக நீலச் சாம்பல் டிரை பிரஷ், ரோமத்துக்கும் அங்கிக்கும் இரண்டு வெவ்வேறு கறுப்புக் கான்ட்ராஸ்ட், தோல்சட்டை விளிம்பில் மட்டும் கைவேலை. ஐந்து மாலைகளில் முடிந்தது. ஜானுக்கு மட்டும் தனியாக நான்கு மாலைகள். அதிலும் பிளாஸ்டிக் ஜானைத்தான் எடுத்தேன். நண்பரின் ரெசின் ஜான் தனியாக இருந்தபோது ராஜா மாதிரி இருந்தான். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தினால் வேறு ஊர்க் கல்யாணத்துக்கு வந்தவன்போல ஒல்லியாகத் தனியாகத் தெரிந்தான். முதல் பெட்டியின் கரித்துண்டுகளையும் தூக்கிப் போடவில்லை. கறுப்பு மேல் சாம்பல் டிரை பிரஷ் ஓட்டி, அதே பழுப்புக் கலவையை விட்டதில் முக்கால்வாசிப் பேர் தேறிவிட்டார்கள்.

கடைசி வேலை வார்னிஷ். மினுக்கு அடித்தால் பன்னிரண்டு பேரும் தாரில் முக்கியெடுத்ததுபோல் இருப்பார்கள், அதனால் மினுக்கில்லாத மேட். தோல்சட்டைக்கும் வாளுக்கும் மட்டும் பிறகு பிரஷ்ஷால் லேசான மினுக்கு. மேட் வார்னிஷ் கறுப்பை ஒரு படி வெளிறச் செய்யும், ஆகவே கடைசி வெளிச்சங்களை ஒரு படி அடக்கி வைத்திருந்தேன். கார்த்திகையில் பட்டதை மறந்து இதையும் ஸ்ப்ரேயில்தான் அடித்தேன். பதினொரு பேர் நன்றாக வந்தார்கள். ஓரத்தில் நின்ற ஒருவன் தோள்மேல் மட்டும் ஈரம் பிடித்து வெள்ளையாகப் பூத்துவிட்டது. டெட்டால் பாட்டிலை எடுத்தேன். பிறகு நிறுத்திவைத்திருந்த சட்டகத்தில், மெழுகும் உறைபனியும் ஏற்றிய அந்தத் தரைவிரிப்புத் தோள்களைப் பார்த்துவிட்டு, பாட்டிலைத் திரும்ப வைத்தேன். அவனை இப்போது முன்வரிசைக்கு மாற்றியிருக்கிறேன். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறவர்களிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.